பி பேஸ் ஃபால்ட்டுக்கு மட்டும் ட்ரிப் ஆகாத ரிலே

ஆர் பேஸ் 0.02. ஒய் பேஸ் 0.00. பி பேஸ் 0.02.

ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகிற கரண்டையும் வெளியே வருகிற கரண்டையும் ஒப்பிடும் டிஃபரென்ஷியல் ரிலே திரையில், லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது நான் பார்த்த வித்தியாச எண்கள் இவை. ஃபுல் லோடு கரண்டை 1 என்று வைத்துக்கொண்டு ரிலே போடும் கணக்கு. பிக்கப் செட்டிங், அதாவது ரிலே ட்ரிப் செய்யும் குறைந்தபட்ச அளவு, 0.20. அதில் பத்தில் ஒரு பங்குதானே என்று யாரும் இதைப் பொருட்படுத்தவில்லை. முதல் நாள் நானும் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். மூன்று மாதத்தில் மூன்று முறை அந்த டிரான்ஸ்ஃபார்மர் ட்ரிப் ஆனதற்கான காரணம் அந்த மூன்று எண்களிலேயே இருந்தது.

பாதுகாப்பு ரிலே சோதனை வேலையில் எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தேவையில்லாத டிஃபரென்ஷியல் ட்ரிப் என்று என்னைக் கூப்பிட்ட இடங்களில் கோளாறு ரிலேக்குள் இருந்தது மிகவும் குறைவு. இந்த ஒரு கேஸைக் கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஒன்றில் மாட்டிக்கொண்டு தேடுகிறவர்களுக்குப் பயன்படும்.

டிரான்ஸ்ஃபார்மர் 10 எம்விஏ, 33/11 கேவி, வெக்டர் குரூப் (இரண்டு பக்க வைண்டிங் இணைப்பும் கோண வித்தியாசமும்) டிஒய்என் 11. அதாவது 33 பக்கம் டெல்டா, 11 பக்கம் ஸ்டார், நியூட்ரல் நேரடியாக எர்த். ஃபுல் லோடில் 33 பக்கம் 175 ஆம்பியர், 11 பக்கம் 525 ஆம்பியர். கரண்டைச் சிறிதாக்கி ரிலேவுக்குக் கொடுக்கும் சிடியின் (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) ரேஷியோ ஒரு பக்கம் 200/1, மறுபக்கம் 600/1. 11 பக்க சிடிக்கள் புஷ்ஷிங்குக்குக் கீழேயே இருக்கின்றன. அவற்றின் ஒயர்கள் டேங்கில் மாட்டிய, ஒயர்களை ஒன்றுசேர்க்கும் மார்ஷலிங் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து சுமார் நூறு மீட்டர் கேபிளில் கண்ட்ரோல் ரூம் பேனலுக்குப் போகின்றன.

டிஃபரென்ஷியல் என்பது எளிய கணக்கு. உள்ளே போகிற கரண்டும் வெளியே வருகிற கரண்டும் ஒத்துப்போக வேண்டும், போகாவிட்டால் நடுவில் எங்கோ கசிகிறது. 1904-இல் சார்லஸ் மெர்ஸும் பெர்னார்ட் பிரைஸும் காப்புரிமை பெற்ற யோசனை இது. ரிலே எலெக்ட்ரோமெக்கானிக்கலிலிருந்து நியூமெரிக்கலுக்கு வந்த பிறகும் அடிப்படை மாறவில்லை. டிரான்ஸ்ஃபார்மருக்குள் என்ன நடக்கிறது என்று ரிலேவுக்குத் தெரியாது. சிடி கொண்டுவந்து கொடுக்கிற கரண்ட் மட்டும்தான் தெரியும். வழியில் கரண்ட் கொஞ்சம் தொலைந்தாலும், வேறு எங்கிருந்தோ கொஞ்சம் சேர்ந்தாலும், ரிலே அதை டிரான்ஸ்ஃபார்மரின் கணக்கில்தான் எழுதும்.

நான் போய்ச் சேர்ந்தபோது மூன்றாவது ட்ரிப் முடிந்திருந்தது. இரண்டாவது ட்ரிப்புக்குப் பிறகே ரிலேயை மாற்றிவிட்டார்கள். மூன்றாவது ட்ரிப் புது ரிலேயில்தான் நடந்தது. ரிலேயை மாற்றிய பிறகும் இப்படியா என்று அலுத்துப்போய், பிக்கப்பை 0.20-இலிருந்து 0.40-க்கு ஏற்றிவிடலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங்கில் நாலைந்து சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், அந்தச் சுற்றுகளுக்குள் பயங்கரமான கரண்ட் ஓடும். ஆனால் வெளியே புஷ்ஷிங்கில் தெரியும் மாற்றம் மிகச் சிறியது. அந்தச் சிறிய மாற்றத்தைப் பிடிக்கத்தான் பிக்கப்பை அவ்வளவு தாழ்வாக வைத்திருக்கிறோம். அதை இரட்டிப்பாக்கினால், உள்ளே தீ பற்றும் வரை ரிலே சும்மா இருக்க நாமே அனுமதி கொடுத்த மாதிரி. அதுவும் என்ன காரணம் என்று தெரியாமல் ஏற்றுவது! "இரண்டு நாள் கொடுங்கள், அதுவரை செட்டிங்கில் கை வைக்க வேண்டாம்" என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். தேவையில்லாத ட்ரிப் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருக்கிறது என்பதை நிரூபித்தாக வேண்டும். இவர்கள் அதைச் சரியாகச் செய்திருந்தார்கள். உள்ளே உருவாகும் வாயுவைப் பிடிக்கும் புக்கோல்ஸ் ரிலேயில் கேஸ் இல்லை. ஆயிலில் கரைந்த வாயு சோதனை சுத்தம். வைண்டிங் ரெசிஸ்டன்ஸ், ரேஷியோ, மெக்கர் (இன்சுலேஷன் சோதனை) எல்லாம் பழைய ரிப்போர்ட்டோடு ஒத்துப்போயின. அதனால்தான் நான் சிடி பக்கம் போக முடிந்தது.

அடுத்து நான் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: எப்போது ட்ரிப் ஆகிறது?

சார்ஜ் செய்த மாத்திரத்தில் ட்ரிப் ஆனால் சார்ஜ் செய்யும்போது கொஞ்ச நேரம் பாயும் இன்ரஷ் கரண்ட் மீது சந்தேகம். அதன் அடையாளமான இரண்டாவது ஹார்மோனிக் (100 ஹெர்ட்ஸ் பகுதி) 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ட்ரிப்பைத் தடு என்று பொதுவாக வைத்திருப்போம். புது வகை கோர்களில் ஏதாவது ஒரு பேஸில் அது அந்த அளவைத் தொடாமல் போகலாம். லோடு ஏற ஏற ஒரு குறிப்பிட்ட அளவில் ட்ரிப் ஆனால் வெக்டர் குரூப் அல்லது போலாரிட்டி (சிடி இணைப்பின் திசை) தவறு. டிஒய்என் 11-க்குப் பதில் 1 என்று செட்டிங் போட்டால் 60 டிகிரி தவறு. அப்போது டிஃபரென்ஷியல் கரண்ட் அப்படியே லோடு கரண்டுக்குச் சமமாக வரும், லோடு ஐந்தில் ஒரு பங்கைத் தொட்டதும் 0.20 வந்துவிடும். ஒரு பக்க சிடி மூன்றும் தலைகீழாக இருந்தால் இரண்டு மடங்கு வரும், பத்தில் ஒரு பங்கு லோடே போதும். இவையெல்லாம் முதல் நாளே வெளிப்பட்டுவிடும் கோளாறுகள். இந்த டிரான்ஸ்ஃபார்மரோ எட்டு வருடமாக ஒழுங்காக ஓடியது. ட்ரிப் ஆன மூன்று முறையும் அறுபது சதவீத லோடில், நிதானமாக ஓடிக்கொண்டிருந்தபோது.

அப்படியென்றால் வெளியே, 11 பக்கத்திலிருந்து கிளம்பும் ஃபீடர் லைன்களில், ஏதோ நடந்திருக்க வேண்டும். ஆபரேட்டர்களிடம் கேட்டேன். "எந்த ஃபீடரும் ட்ரிப் ஆகவில்லை சார், டிரான்ஸ்ஃபார்மர் மட்டும்தான் போச்சு" என்றார்கள். லாக் புத்தகத்திலும் அப்படியேதான் இருந்தது. அவர்கள் சொன்னதில் தவறில்லை. ஆனால் ஃபீடர் ரிலேக்களின் ஈவென்ட் லிஸ்டை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. மூன்று ட்ரிப் நேரத்திலும் ஏதோ ஒரு ஃபீடரில் எர்த் ஃபால்ட் (ஒரு பேஸ் மண்ணைத் தொடுவது) ஸ்டார்ட் ஆகியிருக்கிறது, அதாவது ரிலே அதை உணர்ந்து நேரத்தை எண்ணத் தொடங்கியிருக்கிறது. ஸ்டார்ட் மட்டும்தான், ட்ரிப் இல்லை. ஃபீடர் ரிலேவுக்கு டைம் டிலே உண்டு, டிஃபரென்ஷியலுக்கு இல்லை. ஃபீடர் ரிலே தன் நேரத்தை எண்ணி முடிப்பதற்குள் டிஃபரென்ஷியல் டிரான்ஸ்ஃபார்மரையே அணைத்துவிட்டது. கரண்ட் போனதும் ஃபீடர் ரிலே பேசாமல் ரீசெட் ஆகிவிட்டது. கொடி விழவில்லை, அலாரம் இல்லை, அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

இதைக் கண்டுபிடிக்க அரை நாள் போனது. ஃபீடர் ரிலேக்களின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவே இல்லை. ஒன்று நான்கு நிமிடம் பின்னால், இன்னொன்று ஒரு மணி நேரம் முன்னால். டைம் சிங்க் இல்லாத இடத்தில் ஃபால்ட் ஆராய்ச்சி என்பது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். ஒவ்வொரு ரிலே கடிகாரத்தையும் என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் குறித்து, ஒரே தாளில் வரிசைப்படுத்தினேன்.

அந்தத் தாளில் மூன்று மாதத்தில் ஃபீடர்களில் வந்த ஐந்து எர்த் ஃபால்ட்கள் இருந்தன. ஆர் பேஸில் இரண்டு: இரண்டு முறையும் டிஃபரென்ஷியல் ட்ரிப், ரிலே காட்டியது பி பேஸ். ஒய் பேஸில் ஒன்று: அதற்கும் ட்ரிப், ரிலே காட்டியது ஆர் பேஸ். பி பேஸில் இரண்டு: டிஃபரென்ஷியல் அசையவே இல்லை, ஃபீடர் மட்டும் முறையாக ட்ரிப் ஆனது. இவை போக, எர்த் தொடாமல் இரண்டு பேஸ் மட்டும் மோதிய ஃபால்ட் ஒன்று. கரண்ட் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம், ஆனால் டிஃபரென்ஷியல் சும்மா இருந்தது.

இதைப் பார்த்ததும் சிடி சாச்சுரேஷன் (கரண்ட் மிக அதிகமாகி சிடி சரியாக அளக்க முடியாமல் போவது) என்ற சந்தேகத்தை அடித்துவிட்டேன். சாச்சுரேஷன் என்றால் அதிகக் கரண்ட் ஓடிய ஃபால்ட்டுக்குத்தானே முதலில் ட்ரிப் ஆகியிருக்க வேண்டும்? அலைவடிவமும் அதையே சொன்னது. சாச்சுரேட் ஆன சிடியின் அலை பாதியில் வெட்டுப்பட்டு நொண்டும். இங்கே ட்ரிப் நேரத்து டிஃபரென்ஷியல் அலை சுத்தமான சைன். அதை ரெக்கார்டில் இருந்த நியூட்ரல் கரண்டுக்கு மேல் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின.

ஆர் ஃபால்ட்டுக்கு ஏன் பி பேஸ் ட்ரிப் ஆக வேண்டும்? கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

டெல்டா பக்கத்துக்கும் ஸ்டார் பக்கத்துக்கும் 30 டிகிரி வித்தியாசம். அதைச் சரிக்கட்ட, இந்த ரிலே 11 பக்க கரண்டுகளை இரண்டிரண்டாகக் கழித்து 1.732-ஆல் வகுத்துக்கொள்கிறது. டிஒய்என் 11-க்கு அது இப்படி வரும்: ஆர் கணக்கில் ஆர் கழித்தல் பி. ஒய் கணக்கில் ஒய் கழித்தல் ஆர். பி கணக்கில் பி கழித்தல் ஒய். மூன்று பேஸிலும் ஒரே மாதிரி ஓடும் ஜீரோ சீக்வென்ஸ் கரண்டும் இதிலேயே அடிபட்டுப் போகும். இப்போது பி பேஸ் சிடி ஒயர் ஒன்றில் மட்டும் ஏதோ பிழை என்று வையுங்கள். அந்தப் பிழை எங்கெல்லாம் நுழையும்? ஆர் கணக்கில் நுழையும், பி கணக்கில் நுழையும். ஒய் கணக்கில் பி வரவே இல்லை, அதனால் அங்கே சுத்தம்.

ஆர் 0.02, ஒய் 0.00, பி 0.02.

வோல்டேஜைச் சரிசெய்யும் டேப் பொசிஷன் நகர்ந்ததால் வரும் வித்தியாசம் மூன்று பேஸிலும் ஒரே மாதிரி வரும். ரேஷியோ பொருந்தாததும் அப்படித்தான். இரண்டில் சமமாக வந்து மூன்றாவதில் ஒன்றுமே இல்லையென்றால், அது ஸ்டார் பக்கத்தில் ஒரே ஒரு சிடி சர்க்யூட்டின் கையெழுத்து. அளவு எவ்வளவு சிறியது என்பது இங்கே முக்கியமில்லை, வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

ட்ரிப் கணக்கும் இதோடு பொருந்தியது. ஆர் ஃபால்ட்டில் ஃபுல் லோடைப் போல நான்கு மடங்கு கரண்ட் ஓடியது. ஆர் கணக்கிலும் ஒய் கணக்கிலும் பயாஸ் (வழியாக ஓடும் கரண்டின் அளவு, அது ஏற ஏற ட்ரிப் எல்லையும் ஏறும்) 2.3-க்கு ஏறிவிட்டது. டிஃபரென்ஷியல் ஆர் கணக்கில் 0.5, பி கணக்கிலும் 0.5. ஸ்லோப் 30 சதவீதம், அதாவது எல்லை பயாஸில் 30 சதவீதம் என்பதால் ஆர் கணக்கில் எல்லை 0.69, தப்பித்தது. பி கணக்கிலோ பயாஸ் வெறும் லோடு அளவான 0.6, எல்லை பிக்கப்பான 0.20-தான். அதனால் ட்ரிப், பி பேஸ். ஒய் ஃபால்ட் வந்தால் ஒய் கணக்கும் பி கணக்கும் ஏறிவிடும், ஆர் கணக்கு மாட்டும். பி ஃபால்ட் வந்தால் பிழை நுழைகிற இரண்டு கணக்கும் நல்ல பயாஸோடு நிற்கும். அதனால்தான் பி ஃபால்ட்டுக்கு மட்டும் அது ட்ரிப் ஆகவே இல்லை. பிழை இருந்ததோ பி பேஸ் சர்க்யூட்டில்.

எர்த் ஃபால்ட்டுக்கு மட்டும் வரும் பிழை, நியூட்ரல் கரண்டோடு சேர்ந்து ஆடும் பிழை என்றால் சந்தேகம் ஒரே இடத்துக்குத்தான் போகும்: சிடி செகண்டரியில் இரண்டாவது எர்த். சிடி சர்க்யூட்டை ஒரே ஒரு இடத்தில்தான் எர்த் செய்ய வேண்டும். இங்கே அது கண்ட்ரோல் ரூம் பேனலில். யார்டில் இன்னொரு இடத்தில் ஒயர் எர்த்தைத் தொட்டால் என்ன ஆகும்? எர்த் ஃபால்ட் ஓடும்போது யார்டு மண்ணுக்கும் கண்ட்ரோல் ரூம் மண்ணுக்கும் சில வோல்ட் வித்தியாசம் வரும். பத்து வோல்ட் போதும். அது அந்த ஒயர் வழியாக ஒரு கரண்டைத் தள்ளும், அது நேராக ரிலேக்குள் போகும். சிடி 1 ஆம்பியர் செகண்டரி என்பதால் முக்கால் ஆம்பியர் என்பதே பெரிய கரண்ட்.

ஷட்டவுன் வாங்கி, இரண்டு பக்க பிரேக்கரும் ஐசோலேட்டரும் திறந்து, எர்த் போட்ட பிறகு வேலையை ஆரம்பித்தோம். லோடு ஓடும்போது சிடி செகண்டரியைத் திறக்கக் கூடாது, அதில் எழும் வோல்டேஜ் ஆளையே கொல்லும். ரிலே டெஸ்ட் பிளாக்கைப் பிரித்துவிட்டு, பேனலில் 11 பக்க சிடியின் எர்த் லிங்க்கைக் கழற்றினேன். 500 வோல்ட் மெக்கரை வைத்தேன். ஊசி பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. எர்த்தைக் கழற்றிய பிறகும் எர்த் இருக்கிறது!

மார்ஷலிங் பாக்ஸிலும் பேனலிலும் கேபிளின் நான்கு கோர்களையும் (உள் ஒயர்கள்) டெர்மினலில் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஆர் கோர் நூறு மெகாஓமுக்கு மேல். ஒய் அப்படியே. நியூட்ரல் அப்படியே. பி கோர் பூஜ்யம். மல்டிமீட்டரில் 12 ஓம் காட்டியது.

அந்த 12 ஓமை வைத்து அங்கேயே ஒரு கணக்குப் போட்டேன். நூறு மீட்டர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்றால் முக்கால் ஓம். முக்கால் ஓம் வழியும் 12 ஓம் வழியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், சிடி கரண்டில் சுமார் 6 சதவீதம் 12 ஓம் வழியாக நழுவும். லோடு 0.6. அதில் 6 சதவீதம் 0.036. 1.732-ஆல் வகுத்தால் 0.02. திரையில் இருந்த அதே எண். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ஷலிங் பாக்ஸின் அடியில் கேபிளைப் பிடித்திருக்கும் கிளாண்டைத் தளர்த்தி, கேபிளின் கம்பிக் கவசமான ஆர்மரைக் கீழே இறக்கினோம். கேபிளை முதலில் இணைத்தபோது ஆர்மர் கம்பி ஒன்றைச் சரியாக மடக்கவில்லை. அதன் முனை உள்பக்கம் வளைந்து, உள் உறையைக் கிழித்து, பி கோரின் இன்சுலேஷனில் அரிசி மணி நீளத்துக்கு ஒரு வெட்டுப் போட்டிருந்தது. வெட்டைச் சுற்றிக் கருப்பு. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. கம்பி முனையில் துரு. அந்தத் துருவும் பச்சையும்தான் அந்த 12 ஓம். பாக்ஸ் மாட்டியிருப்பது டேங்கில். 50 ஹெர்ட்ஸில் ஓடும் டிரான்ஸ்ஃபார்மர் 100 ஹெர்ட்ஸில் அதிர்ந்துகொண்டே இருக்கும். எட்டு வருடமும் அந்தக் கம்பி முனை இரவு பகலாக உரசியிருக்கிறது.

வெட்டுப்பட்ட பகுதியை நீக்கி, கேபிளைப் புதிதாகச் சீவி, கிளாண்டு மாற்றி, லக் அடித்து, ஃபெரூல் போட்டு இணைத்தோம். நான்கு கோரும் மெக்கரில் நன்றாக நின்றன. எர்த் லிங்க்கை மறுபடி மாட்டினேன். அந்த லிங்க்கை மாட்டியதை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துக் கையெழுத்து போட வைப்பது என் வழக்கம். கழற்றிய லிங்க் மேஜையிலேயே கிடந்த கதைகள் உண்டு.

பிறகு ஸ்டெபிலிட்டி டெஸ்ட், இரண்டு பக்க சிடி கரண்டும் ஒத்துப்போகிறதா என்ற சோதனை. 11 பக்கத்தை மூன்று பேஸும் ஷார்ட் செய்து, 33 பக்கம் 415 வோல்ட் கொடுத்தோம். இம்பீடன்ஸ் 10 சதவீதம் என்பதால் 33 பக்கம் 22 ஆம்பியர், 11 பக்கம் 66 ஆம்பியர். இரண்டு பக்க செகண்டரியிலும் 0.11. சரி.

ஆனால் இந்த டெஸ்டை இரண்டாவது ட்ரிப்புக்குப் பிறகும் செய்திருக்கிறார்கள், அப்போதும் பாஸ்தான். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் கோளாறு இல்லை, ரிலேதான் கெட்டது என்ற முடிவுக்கு அவர்கள் வந்ததே அதை வைத்துத்தான். 0.11-இல் 6 சதவீதம் என்பது 0.007 ஆம்பியர். கிளாம்ப் மீட்டர் அதைக் காட்டாது. மண்ணில் வோல்ட்டும் கிடையாது, எர்த் ஃபால்ட் ஓடவில்லையே. போலாரிட்டி, ரேஷியோ, வெக்டர் குரூப் இவற்றுக்கு அந்த டெஸ்ட் அருமையானது. இரண்டாவது எர்த்தை அது காட்டாது. அதைக் காட்டுவது எர்த் லிங்க்கைக் கழற்றி வைக்கும் மெக்கர் ஒன்றுதான். வருடாந்திரப் பராமரிப்புப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். நான் போன பல இடங்களில் இல்லை. லிங்க்கைக் கழற்ற யாருக்கும் மனம் வருவதில்லை. கழற்றினால் திரும்ப மாட்ட மறந்துவிடுவோமோ என்ற பயம், அது நியாயமான பயம்தான். அதற்காகச் சோதனையையே விட்டுவிடக் கூடாது.

சார்ஜ் செய்து லோடு ஏறிய பிறகு திரையில் 0.00, 0.00, 0.00. டேப் இரண்டு படி நகர்ந்ததும் மூன்றிலும் 0.01. ஒரே மாதிரி.

பதினொரு நாள் கழித்து ஒரு ஃபீடரில் ஆர் பேஸ் எர்த் ஃபால்ட். ஃபீடர் பிரேக்கர் மட்டும் ட்ரிப் ஆனது. ஷிப்ட் ஆபரேட்டர் ரிலே ரெக்கார்டை அன்று மாலையே அனுப்பினார். நியூட்ரல் கரண்ட் முன்பு போலவே உயர்ந்திருக்கிறது, டிஃபரென்ஷியல் அலை கோடு போட்ட மாதிரி தட்டையாக இருக்கிறது. பிக்கப் இன்னும் 0.20-தான்.

அந்த வளாகத்தில் அதே ஆட்கள், அதே நேரத்தில் கேபிள் இணைத்த டிரான்ஸ்ஃபார்மர்கள் இன்னும் நான்கு இருக்கின்றன. ஷட்டவுன் கிடைக்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாக லிங்க் கழற்றிப் பார்க்கிறோம். இதுவரை மூன்று முடிந்தது. இரண்டில் நூறு மெகாஓமுக்கு மேல். ஒன்றில் ஒய் கோர் மட்டும் 0.8 மெகாஓம். அதன் கிளாண்டை அடுத்த வாரம் திறக்கிறோம்.